மெயில் போட்டு இணையப் பக்கம் வரவழைப்பது எப்படி

இணைப்பு மெயிலுக்கு மட்டும்தான் தாங்குகிறது, பிரவுசரைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆனாலும் ஒரு பக்கத்தைப் படித்தே ஆக வேண்டும் என்றால் என்ன செய்வது? அந்தப் பக்கத்தின் முகவரியை ஒரு மெயிலில் எழுதி, அதற்கென்றே காத்திருக்கும் நிரலுக்கு அனுப்பலாம். நிரல் போய்ப் பக்கத்தை எடுத்து, படம், விளம்பரம் எல்லாவற்றையும் உதறிவிட்டு, வெறும் எழுத்தாகப் பதில் மெயிலில் போட்டுவிடும். புதுச் சங்கதி ஒன்றும் இல்லை, வலை பிறந்த கையோடு இதுவும் பிறந்துவிட்டது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றில் முயன்று பார்க்கலாம், கொஞ்சம் பைதான் தெரிந்தால் வீட்டிலேயே ஒன்றைக் கட்டிக்கொள்ளவும் செய்யலாம். அதற்கு முன்னால் பழையவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்துவிடுங்கள். அவர்கள் வைத்த கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றும் நமக்கும் தேவைப்படப் போகிறது.

பழைய கருவிகள்

1990களின் முதல் பாதியில் மெயில் போன இடத்துக்கெல்லாம் இணையம் போய்விடவில்லை. பல ஊர்களில் ஒரு கணினி ராத்திரியில் போன் போட்டு இன்னொரு கணினியைப் பிடிக்கும், சேர்ந்திருக்கும் மெயிலைக் கொடுக்கும், வந்திருப்பதை வாங்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். யூயூசிபி, ஃபிடோநெட் எல்லாம் இந்த ரகம். இதில் ஒரு பக்கத்தைத் திறந்து லிங்க்கை அழுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கேள்வி இன்று போனால் பதில் நாளைக்கு வரும், அவ்வளவுதான்.

வலை பரவுவதற்கு முன்பே, எஃப்டிபி (கோப்புகளை இறக்கிக்கொள்ளும் பழைய முறை) சர்வர்களில் இருக்கும் கோப்புகளை மெயிலில் வாங்க ஒரு வழி இருந்தது. பால் விக்ஸி என்ற நிரலாளர், டெக் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தில் இருந்தபோது எழுதிய எஃப்டிபிமெயில் அது. மெயிலின் உள்ளே வரிக்கு ஒரு கட்டளை எழுத வேண்டும்: 'கனெக்ட்' என்று எழுதி சர்வரின் பெயர், 'சிஹெச்டிஐஆர்' என்று எழுதி ஃபோல்டரின் பெயர், 'கெட்' என்று எழுதி கோப்பின் பெயர், கடைசியில் 'குவிட்'. கோப்பு பெரிதாக இருந்தால் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் எழுத்துகளாக மாற்றித் தனித்தனி மெயிலில் அனுப்பும். பத்துத் துண்டில் ஏழாவது மட்டும் வராமல் போனால் மீதி ஒன்பதும் வீண்தான். அந்தக் 'குவிட்' கட்டளையை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், மெயிலின் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் உங்கள் பெயர், பதவி, போன் நம்பர் எல்லாவற்றையும் நிரல் கட்டளை என்று நினைத்துப் படிக்கப் பார்க்கும், ஒவ்வொன்றுக்கும் 'புரியவில்லை' என்று பதில் எழுதும்.

அடுத்து வலை. அது தோன்றிய ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலேயே ஒரு மெயில் ரோபோவை ஓட விட்டார்கள். அதன் வழியில் ஆர்தர் சீக்ரெட் எழுதிய 'அகோரா' வந்தது. மெயிலில் 'சென்ட்' என்று எழுதிப் பக்க முகவரியைக் கொடுத்தால் போதும், எழுத்து வடிவில் பக்கம் வந்துவிடும். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிகச் சிறந்த யோசனை அகோரா பதில் அனுப்பிய விதத்தில் இருக்கிறது: பக்கத்தில் லிங்க் வரும் இடத்தில் எல்லாம் சதுர அடைப்புக்குள் 1, 2, 3 என்று எண், அடியில் ஒவ்வோர் எண்ணும் எந்த முகவரிக்குப் போகிறது என்ற பட்டியல். மூன்றாவது லிங்க் வேண்டுமா, அதே மெயிலுக்கு 'ரிப்ளை' கொடுத்து 3 என்று மட்டும் எழுதுங்கள், போதும். 'டீப்' என்று இன்னொரு கட்டளையும் உண்டு. அது கேட்ட பக்கத்தோடு அதில் லிங்க் கொடுக்கப்பட்ட பக்கங்களையும் சேர்த்து அனுப்பிவிடும். ஒரு நாள் காத்திருந்து ஒரு பக்கம் வாங்குகிறவருக்கு அது வரம், மெயில் பெட்டி சின்னதாக இருப்பவருக்கு வினை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பாஸ்டனில் டாக்டர் பெர்னார்ட் லவுன் தொடங்கிய சாட்டலைஃப் என்ற தொண்டு அமைப்பு, வளரும் நாடுகளின் மருத்துவர்களுக்காக நடத்திய ஹெல்த்நெட்டில் 'கெட்வெப்' என்று ஒன்றை வைத்திருந்தது. இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரில், அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய இயற்பியல் மையத்தில் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ4மெயில்' பிறந்தது. இது கொஞ்சம் நாகரிகமானது, பக்கத்தில் இருக்கும் லிங்க்குகளையே மெயில் எழுதும் லிங்க்குகளாக மாற்றி அனுப்பும், நீங்கள் அழுத்தினால் அடுத்த வேண்டுகோள் மெயில் தயாராகத் திறந்துகொள்ளும். 2000களின் தொடக்கத்தில் எம்ஐடியில், இலங்கையைச் சேர்ந்த பேராசிரியர் சமன் அமரசிங்கவின் குழு 'டெக்' என்று ஒன்றைச் செய்தது (மேலே சொன்ன நிறுவனத்தோடு சம்பந்தம் இல்லை). அதில் முகவரிக்குப் பதிலாகத் தேடல் சொல்லை அனுப்புவீர்கள். எம்ஐடி சர்வர் தேடி, கிடைத்த பக்கங்களைச் சுருக்கிக் கட்டி ஒரே மெயிலாக அனுப்பும், ஏற்கெனவே உங்களுக்கு அனுப்பிய பக்கத்தை மறுபடி அனுப்பாது.

இவற்றின் பழைய முகவரிகள் இன்னும் ஆங்காங்கே கிடைக்கும், அவற்றுக்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் இந்த வழியையே விடாமல் பிடித்திருப்பவர்களும் இருக்கிறார்கள். கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், தன் கணினியிலிருந்து பெரும்பாலும் நேரடியாக வலைத்தளங்களுக்குப் போவதில்லை என்றும், ஒரு நிரலுக்கு மெயில் அனுப்பிப் பக்கத்தை வரவழைத்துப் படிப்பதாகவும் எழுதியிருக்கிறார். அவருக்கு இணைப்பு இல்லாமல் இல்லை, யாரும் தன்னைப் பின்தொடரக் கூடாது என்ற பிடிவாதம்.

முதலில் ஓடிக்கொண்டிருப்பதில் பழகுங்கள்

நடுக்கடலில் பாய்மரப் படகில் போகிறவர்களுக்கு இன்றும் இதே நிலைதான். பழைய வகை இரிடியம் சாட்டிலைட் போனில் டேட்டா வேகம் நொடிக்கு 2400 பிட், அதாவது சுமார் 300 எழுத்து. 3 எம்பி கனமுள்ள சாதாரணச் செய்திப் பக்கம் ஒன்றை அதில் இறக்க இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். அதே பக்கத்தின் எழுத்து மட்டும் 6 கேபி என்றால் 20 நொடி. இவர்களுக்காக நடப்பதுதான் 'செயில்டாக்ஸ்'. வானிலை அறிக்கைகளுக்காக வந்தது, ஆனால் சாதாரண இணையப் பக்கத்தையும் எடுத்துக் கொடுக்கும்.

முயன்று பார்க்க இப்படிச் செய்யுங்கள். புது மெயில் ஒன்றைத் திறந்து, பெறுநர் இடத்தில் 'கொயரி' என்று எழுதி, அட் குறி போட்டு, 'செயில்டாக்ஸ் டாட் காம்' என்று (எல்லாம் ஆங்கில எழுத்தில்தான்) முடியுங்கள். சப்ஜெக்டில் எதையும் எழுதலாம், அது அதைப் பார்ப்பதே இல்லை. மெயிலின் உள்ளே முதல் வரியில் 'சென்ட்' என்ற ஆங்கிலச் சொல், ஓர் இடைவெளி, அப்புறம் பக்கத்தின் முழு முகவரி, முன்னால் வரும் 'ஹெச்டிடிபி' பகுதி உட்பட. அவ்வளவுதான், 'வணக்கம்', 'நன்றி' எதுவும் தேவையில்லை. அனுப்புவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள்: மெயில் 'பிளெய்ன் டெக்ஸ்ட்' முறையில் இருக்கிறதா, கையெழுத்துப் பகுதி அடியில் ஒட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டீர்களா. முழு உதவிக் குறிப்பு வேண்டுமானால் 'கொயரி' என்பதற்குப் பதிலாக 'இன்ஃபோ' என்று போட்டு வெற்று மெயில் ஒன்றை அனுப்பினால் போதும். 'சென்ட்' என்பதற்குப் பதில் 'சப்' என்று எழுதினால் அது சந்தா ஆகிவிடும், தினமும் தானாக வரும்.

இது கடலில் இருப்பவர்களுக்கான சேவை என்பதை மறக்க வேண்டாம். பழகிப் பார்க்க ஒன்றிரண்டு பக்கம் கேட்கலாம், தினசரிச் செய்தி படிக்க இதை நம்பி உட்காருவது முறையில்லை.

சொந்தமாகக் கட்டுவது

தேவையானவை: எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி (பழைய லேப்டாப்போ ராஸ்பெர்ரி பையோ போதும்), அது இணைப்பு நன்றாக இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும், லினக்ஸ், பைதான், இந்த வேலைக்கென்றே தனியாக ஒரு மெயில் முகவரி. உங்கள் சொந்த மெயில் முகவரியை இதற்குக் கொடுக்காதீர்கள். நிரல் கோளாறு செய்து ராத்திரி முழுக்க மெயில் அனுப்பிக்கொண்டிருந்தால் முடங்கப் போவது அந்தக் கணக்குதான். ஜிமெயிலில் கணக்குத் தொடங்கினால் சாதாரண பாஸ்வேர்டை வைத்து நிரல் உள்ளே போக முடியாது, இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி 'ஆப் பாஸ்வேர்ட்' என்று ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து லின்க்ஸ் என்ற எழுத்து பிரவுசரை நிறுவுங்கள். 1992இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த கிழவன், இந்த வேலைக்கு இன்றும் அதை அடிக்க ஆள் இல்லை. 'டம்ப்' என்ற தெரிவோடு ஒரு முகவரியைக் கொடுத்தால், பக்கத்தை எழுத்தாக மாற்றி, லிங்க் உள்ள இடத்தில் எல்லாம் எண் போட்டு, அடியில் முகவரிப் பட்டியலும் கொடுத்துவிடும். அகோரா செய்த அதே காரியம், நீங்கள் ஒரு வரிகூட எழுதாமலே. தமிழ்ப் பக்கம் கேள்விக்குறிகளாகவோ குப்பையாகவோ வந்தால், வெளிவரும் எழுத்துமுறையை யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் முறை) என்று வைக்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது டெர்மினலில் உட்கார்ந்து, நீங்கள் வழக்கமாகப் படிக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாக லின்க்ஸில் போட்டுப் பாருங்கள். இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள், தாண்டாதீர்கள். விக்கிப்பீடியா அழகாக வரும். சில செய்தித் தளங்களில் மேலே நூறு வரிக்கு மெனுவே ஓடும், செய்தி அதற்குக் கீழேதான் தொடங்கும். இன்னும் சிலவற்றில் 'ஜாவாஸ்கிரிப்டை இயக்கவும்' என்று ஒற்றை வரி மட்டும் வரும், அவை இந்த வழியில் வரவே வராது. அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம், அதே செய்திக்கு வேறு தளம் பாருங்கள்.

சரி, நிரல். அது செய்ய வேண்டியது சின்ன வேலைதான். மெயில் பெட்டியை இமாப் (மெயிலை எடுக்கும் முறை) வழியாகத் திறந்து, படிக்காத மெயில்களை எடுத்து, உள்ளே இருக்கும் முதல் முகவரியைக் கண்டுபிடித்து, லின்க்ஸிடம் கொடுத்து, வந்த எழுத்தைப் பதிலாக எஸ்எம்டிபி (மெயிலை அனுப்பும் முறை) வழியாக அனுப்பி, அந்த மெயிலைப் படித்ததாகக் குறித்துவிட வேண்டும். இமாப், எஸ்எம்டிபி, மெயிலைப் பிரிப்பது ஆகிய மூன்றுக்கும் பைதானோடு வரும் நூலகங்களே போதும், எதையும் தனியாக நிறுவ வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட விடும் லினக்ஸின் 'க்ரான்' கோப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டால் முதல் பதில் வந்துவிடும். ஒரு நாள் வேலை. மீதி நாள்களில் செய்ய வேண்டியதெல்லாம் அது கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான், அதில்தான் விஷயமே இருக்கிறது.

யார் கேட்டால் பதில் சொல்லலாம்? பழைய சேவைகள் யார் எழுதினாலும் பதில் போட்டன. நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது, அனுமதித்த முகவரிகளின் பட்டியல் ஒன்று வைத்து அதில் இல்லாதவர்களுக்குப் பதிலே போடாமல் இருங்கள். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றுகூடச் சொல்ல வேண்டாம். அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போடுவது மெயிலில் மிகச் சுலபம் என்பதால், சப்ஜெக்டில் ஒரு ரகசியச் சொல்லும் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

எந்த முகவரியைத் திறக்கலாம்? 'ஹெச்டிடிபி', 'ஹெச்டிடிபிஎஸ்' இரண்டில் தொடங்குபவை மட்டும். 'ஃபைல்' என்று தொடங்கும் முகவரியை அனுமதித்தால், உங்கள் கணினியில் இருக்கும் பாஸ்வேர்ட் கோப்பைக்கூட லின்க்ஸ் எடுத்துப் பத்திரமாக மெயிலில் அனுப்பிவைக்கும். 127, 10, 192.168 என்று தொடங்கும் வீட்டு உள் முகவரிகளையும் தடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ரவுட்டரின் பக்கம் வெளியே போகும். வெளி முகவரி ஒன்று உள்ளே திருப்பிவிடலாம் என்பதால் திருப்பப்படும் இடத்தையும் சோதிக்க வேண்டும். இன்னொன்று, மெயிலில் வந்த முகவரியை ஷெல் (டெர்மினலில் எழுதும் கட்டளைகளை ஓட்டும் நிரல்) கட்டளையோடு ஒட்டி ஓட விடாதீர்கள். ஓர் அரைப்புள்ளியும் அதன் பின்னால் ஓர் அழிக்கும் கட்டளையும் சேர்ந்து வந்தால் கதை முடிந்தது. பைதானின் சப்ப்ராசஸில் கட்டளையையும் முகவரியையும் பட்டியலாகத் தனித்தனியே கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பதிலுக்குப் பதில் போடும் சுழலைத் தடுங்கள். இது எல்லா மெயில் ரோபோவுக்கும் வரும் வியாதி. உங்கள் நண்பர் 'நான் விடுமுறையில் இருக்கிறேன்' என்ற தானியங்கிப் பதிலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார், உங்கள் நிரல் அவருக்கு ஒரு பக்கத்தை அனுப்புகிறது, அவருடைய மெயில் 'விடுமுறை' என்கிறது, உங்கள் நிரல் 'முகவரி எதுவும் இல்லையே' என்கிறது, அது மறுபடி 'விடுமுறை' என்கிறது. ஆளில்லாத வீட்டில் இரண்டு கிளிகள் பேசிக்கொள்வதுபோல விடிய விடிய நடக்கும். இதற்கென்றே மெயிலின் தலைப்பகுதியில் 'ஆட்டோ-சப்மிட்டட்' என்று ஒரு புலம் உண்டு, 2004இல் வந்த ஆர்எஃப்சி 3834 என்ற இணைய விதிமுறை ஆவணம் அதை விளக்குகிறது. அந்தப் புலத்தில் 'நோ' தவிர வேறு எது இருந்தாலும் அந்த மெயிலுக்குப் பதில் போடாதீர்கள். நீங்கள் அனுப்பும் மெயிலில் 'ஆட்டோ-ரிப்ளைட்' என்று போட்டுவிடுங்கள். போய்ச் சேராமல் திரும்பி வந்த மெயிலுக்கும் பதில் கூடாது. இதெல்லாம் போக, ஒருவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை பதில்தான் என்று ஒரு வரம்பும் வையுங்கள், 30 போதும்.

தமிழ்ப் பக்கம் என்றால் இன்னும் இரண்டு சிக்கல்

முதலாவது, கனம். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள், ஆக 15 பைட். மெயில் இதை அப்படியே அனுப்பாமல் ஏழு பிட்டுக்குள் அடங்கும் எழுத்துகளாக மாற்றும் நேரங்கள் உண்டு. 'கோட்டட் பிரிண்டபிள்' முறையில் மாற்றினால் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகி 15 பைட் 45 ஆகிவிடும். 'பேஸ்64' முறையில் மாற்றினால் 20தான். ஆங்கிலத்துக்கு முதல் முறை சிக்கனம், தமிழுக்கு இரண்டாவதுதான் சிக்கனம். ஆகவே பதிலின் எழுத்துமுறையை நிரல் தானாகத் தேர்ந்தெடுக்க விடாமல் நீங்களே பேஸ்64 என்று சொல்லிவிடுங்கள். இணைப்பு ரொம்ப மெதுவாக இருந்தால், எழுத்தை ஜிப் செய்து இணைப்புக் கோப்பாக அனுப்புவது இன்னும் மேல், தமிழ் எழுத்து ஜிப்பில் நன்றாகவே சுருங்கும்.

இரண்டாவது, முகவரி உடைவது. தமிழ் விக்கிப்பீடியா முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது தமிழ்த் தலைப்பு, சதவீதக் குறிகள் நிறைந்த நீண்ட வாலாக மாறிவிடும், ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து வீதம். 'பறவை' என்ற சின்னத் தலைப்புக்கே 36 எழுத்து. 'சிலப்பதிகாரம்' மாதிரி ஒன்றைக் கேட்டீர்களானால் சில மெயில் நிரல்கள் நடுவில் வரியை மடக்கிவிடும், நிரலுக்குப் போய்ச் சேர்வது பாதி முகவரிதான், 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்று பதில் வரும். வழி எளிது: முகவரியை எப்போதும் கூர் அடைப்புக்குறிக்குள் (< >) எழுதுங்கள், நிரலிடம் அந்த இரண்டு குறிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியையும் வரி முறிவையும் நீக்கிவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

எண்ணைச் சொல்லி அடுத்த பக்கம்

கடைசியாக அகோராவின் யோசனையைச் சேர்த்துவிடுவோம், அது இல்லாமல் இந்தக் கருவி பாதிதான். ஒவ்வொரு பதிலை அனுப்பும்போதும் அந்த மெயிலின் 'மெசேஜ்-ஐடி'யையும், லின்க்ஸ் கொடுத்த எண்-முகவரிப் பட்டியலையும் எஸ்கியூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்தில் ஒரு சின்ன அட்டவணையில் சேமித்துக்கொள்ளுங்கள். பயனர் ரிப்ளை கொடுக்கும்போது 'இன்-ரிப்ளை-டு' என்ற புலத்தில் அதே ஐடி திரும்பி வரும். மெயிலின் முதல் வரியில் எண் மட்டும் இருந்தால் அந்தப் பட்டியலில் தேடி எடுத்து அனுப்பிவிடலாம். '4 9 12' என்று மூன்று எண் எழுதினால் மூன்றையும் ஒரே மெயிலில் அனுப்பும்படி செய்துகொள்ளுங்கள், மெதுவான இணைப்பில் இருப்பவருக்கு இது பெரிய உதவி. ரிப்ளையில் பழைய மெயில் முழுவதும் கீழே மேற்கோளாக ஒட்டி வரும் என்பதால், கூர்க்குறி (>) போட்டுத் தொடங்கும் வரிகளையும், 'இன்னார் எழுதியது' என்ற வரிக்குக் கீழே உள்ளதையும் நிரல் படிக்கக் கூடாது. படித்தால் பழைய பக்கத்தில் இருந்த நூறு லிங்க்கையும் புது வேண்டுகோளாக எடுத்துக்கொள்ளும்.

பதிலின் அளவுக்கும் ஓர் உச்சி வையுங்கள், 100 கேபி என்று தொடங்கலாம். அதைத் தாண்டினால் முதல் பகுதியை மட்டும் அனுப்பி, 'மீதி வேண்டுமானால் எம் என்ற ஆங்கில எழுத்தை மட்டும் எழுதி ரிப்ளை கொடுங்கள்' என்று அடியில் ஒரு வரி. லிங்க் பட்டியலை வெட்டிவிடாதீர்கள், பக்கத்தின் எழுத்து எங்கே நிற்கிறதோ அதுவரை வந்த எண்களின் முகவரிகள் அதே மெயிலிலேயே இருக்க வேண்டும். பெட்டியில் சேரும் பழைய வேண்டுகோள்களை வாரம் ஒருமுறை அழிக்க 'க்ரான்' கோப்பில் இன்னொரு வரி சேருங்கள். ஊருக்குக் கிளம்புவதற்கு முன், இணைப்பு நன்றாக இருக்கும்போதே, உங்கள் போனிலிருந்து ஒரு முகவரி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் கணினி தானாக எழுந்துகொள்ளும்படி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) வைத்திருக்கிறீர்களா என்பதையும் சேர்த்து.